முப்பதில் வா, தம்பி

தம்பி,

நேற்று நீ போனில் கேட்டதற்கு "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. அது நான் சொல்கிற வார்த்தையே இல்லை. வருஷக்கணக்காக மற்றவர்கள் எங்களுக்குச் சொல்லி, கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துப்போன வார்த்தை. அதனால் பதிலை நேராகவே எழுதிவிடுகிறேன். முடியாது. உன் புது வண்டி செராமிக் பேட்டை வளைவில் வேகமாகப் போனதற்கு வந்த அபராதத்தை ரத்து செய்யச் சொல்லி இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் நான் வாயைத் திறக்கமாட்டேன். கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது பெற்றவள் இப்படி எழுதுகிறாளே என்று உனக்கு முகம் சுண்டும். சுண்டட்டும், ஆனால் கடைசிவரை படி. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வெட்டிவிடுவாய், காகிதத்தை அப்படி வெட்ட முடியாது. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தைக் கலைச்செல்வி அத்தையும் எங்கள் கொட்டகையில் வேலை செய்கிற மற்றவர்களும் படித்த பிறகுதான் உறையில் போட்டு ஒட்டப்போகிறேன். இதில் இருப்பது அவர்கள் கதையும்தான்.

நேற்று நீ மூன்று குறை சொன்னாய். "மறைஞ்சு நின்னு புடிக்கிறாங்கம்மா" என்றாய். "ரோடு காலியாத்தான் இருந்துச்சு" என்றாய். "அறுபத்திரண்டெல்லாம் ஒரு வேகமா" என்றாய். முதல் குறைக்கு முதலில் பதில் சொல்கிறேன். போலீஸ்காரர்கள் மறைந்து நிற்கவில்லை, நிழலில் நிற்கிறார்கள். வெட்டவெளியில் வேகம் பார்க்கிற கருவியைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து நின்றால் ஆள் சுருண்டு விழுந்துவிடுவான். அந்த வேப்பமரத்தைக் காட்டி, "இங்க நில்லுங்க சார், மத்தியானம் வரைக்கும் வெயில் எட்டாது" என்று சொன்னதே நான்தான். மண்பானையில் தண்ணீர் வைப்பதும் நாங்கள்தான். அவர்களுக்கு முன்னால் ஒரு பர்லாங்கு தூரத்திலேயே முப்பது என்று எழுதிய பலகை நிற்கிறது. குழி தோண்டிக் கான்கிரீட் போட்டபோது அந்தக் கம்பம் சாயாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி உன் அம்மா. அது கண்ணில் படவில்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதே.

ரோடு காலியாக இருந்தது என்றாயே, அதைத்தான் விளக்க வேண்டும். நீ சின்னப் பிள்ளையாக என் கூடவே கொட்டகையில் கிடந்தவன்தான், ஆனாலும் காரின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்த பிறகு சில விஷயம் மறந்துபோகும் போலிருக்கிறது. நாங்கள் பொம்மை வார்க்கிற கொட்டகை ரோட்டுக்கு இந்தப் பக்கம். சுடுகிற சூளை அந்தப் பக்கம். சின்னச் சின்னப் பட்டறைக்காரர்கள் எல்லாருக்கும் அது ஒன்றுதான் பொதுச் சூளை. அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மையைச் சுடுவதற்கு முன்னால் தொட்டாலே காது ஒடியும், மூக்கு உதிரும். அதைத் தள்ளுவண்டியில் வைத்தால் குலுக்கலில் பாதி போய்விடும். பலகையில் பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கி, தோளில் வைத்து, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு நடக்க வேண்டும். திரும்பிப் பார்க்க முடியாது, ஓட முடியாது, பின்வாங்கவும் முடியாது. ஒரு நாளைக்கு ஒருத்தி இருபது தடவை அப்படிக் கடக்கிறாள். உனக்கு அது திருச்சிக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கிற ஒரு வளைவு. எங்களுக்கு அந்த ரோடும் பட்டறையின் ஒரு பகுதிதான், கூரை மட்டும் இல்லை.

இப்போது என் குற்றங்களைச் சொல்கிறேன். உன்னை மட்டும் திட்டிவிட்டு நான் நல்லவளாகிவிட முடியாது. உனக்கு வேகத்தைக் கற்றுக்கொடுத்ததே நான்தான். காலையில் உன்னை எழுப்பும்போதிலிருந்து ஸ்கூல் வாசலில் இறக்கிவிடுகிறவரை என் வாயில் வந்த ஒரே சொல் "சீக்கிரம்". உன் அப்பா மொபெட்டை நிதானமாகத்தான் ஓட்டுவார். பின்னால் உட்கார்ந்துகொண்டு நான்தான் அவர் முதுகில் குத்துவேன். ஒருதடவை திட்டக்குடியில் ஒரு காதுகுத்துக்குப் போனோம், உனக்கு ஆறு வயசு, முன்னால் நின்றுகொண்டு வந்தாய். வழியில் ஒரு கடைத்தெரு. உன் அப்பா வேகத்தைக் குறைத்தார். "என்னாத்துக்கு இப்புடி உருட்டுறீங்க, அங்க பந்தி முடிஞ்சிடும்" என்று நான் கத்தினேன். அவர் முறுக்கினார். ஒரு பூக்காரம்மாவின் கூடையை உரசிக்கொண்டு போனோம், பூவெல்லாம் ரோட்டில். நிறுத்தக்கூட இல்லை. நீ திரும்பிப் பார்த்துச் சிரித்தாய், நானும் சிரித்தேன். பந்தி என்னவோ நாங்கள் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பித்தது. அந்தப் பூக்காரம்மா முகம் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இல்லை, ஏனென்றால் நான் பார்க்கவே இல்லை. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கலைச்செல்வி அத்தைக்கு நடந்தது உனக்கு ஓரளவு தெரியும். நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்த சமயம். வெள்ளைக் கார் ஒன்று வளைவில் வந்த வேகத்தில் அவள் தோளிலிருந்த பலகையின் முனையைத் தட்டிவிட்டுப் போனது. பலகை சுழன்று அவளையும் சுழற்றிப் போட்டது. காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. கார் நிற்கவில்லை. நான் ஓடிப்போய் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "எத்தினி பொம்மக்கா போச்சி?" என்பதுதான். நாங்கள் மனு எழுதிக்கொண்டு ஏறாத அலுவலகம் இல்லை. எல்லா இடத்திலும் உட்காரச் சொன்னார்கள், மனுவை வாங்கிக்கொண்டார்கள், பார்க்கலாம் என்றார்கள். மூன்று மாதம் கழித்து அத்தை கட்டையை ஊன்றிக்கொண்டு கொட்டகை வாசலில் வந்து உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கடந்து வண்டிகள் பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தன.

அடுத்து நான் செய்ததைத்தான் இத்தனை வருஷம் உன்னிடம் மறைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறை லீவு, நானே எல்லாரையும் கூப்பிட்டுச் சேர்த்தேன். "யாரு கால்லயும் உளுவ வேணாம், நாமளே ஒரு வேகத்தட போட்டுடுவோம்" என்றேன். சாமானுக்கா பஞ்சம்? சூளைக்குப் பின்னால் உடைந்த பீங்கான் ஃபியூஸ் கட்டையும் பொம்மைத் தலையும் மலையாகக் கிடந்தன. களிமண்ணோடு சிமெண்ட் கலந்து, உடைசலைப் போட்டு, ரோட்டுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு கட்டினோம். எந்த மண்ணோடு எதைச் சேர்த்தால் பிடிக்கும் என்று எங்களுக்குத் தெரியாததா என்கிற திமிர் வேறு. வர்ணம் அடிக்கக் காசில்லை. அதற்கு நான் ஒரு யோசனை சொன்னேன். மெருகு ஏற்றிச் சுட்ட சில்லுகளை மேல்பக்கமெல்லாம் பதித்தால் வெயிலில் பளபளவென்று மின்னும், தூரத்திலிருந்தே வண்டிக்காரனுக்குத் தெரியும் என்றேன். எல்லாரும் ஆகா என்றார்கள். மேடு உண்மையிலேயே கோயில் கோபுரம் மாதிரி மின்னியது. வண்டிகளெல்லாம் வந்து வந்து நின்று, தவழ்ந்து போயின. இரண்டு நாள் நான் ராணி மாதிரி நடந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தூறல் போட்டது. மெருகுச் சில்லின் மேல் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று முப்பது வருஷமாகப் பீங்கானோடு புழங்குகிற எனக்குத் தோன்றவில்லை பார். எண்ணெய் தடவினது மாதிரி ஆகிவிடும். வெயில் இல்லாததால் மின்னவும் இல்லை. உன் அப்பா வேப்பூர்ப் பக்கம் உன் பெரிய அத்தை காட்டில் மக்காச்சோளம் ஒடிக்கச் சனிக்கிழமையே போயிருந்தவர், எங்கள் வேகத்தடை விஷயம் எதுவும் தெரியாமல் டூவீலரில் வந்துகொண்டிருந்தார். முன் சக்கரம் ஏறியது, வழுக்கியது, ஆள் பக்கத்துப் பள்ளத்தில் கிடந்தார். காறை எலும்பு முறிந்தது. இன்றைக்கும் அவரால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாதது அதனால்தான். மாடு குறுக்கே வந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னோமே, அது பொய். அப்படி மாடே கிடையாது. அவரைத் தள்ளியது நான் கட்டிய மேடு. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது அவராகத்தான் மாட்டுக் கதையைச் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த மிகப்பெரிய தப்பு அந்த மேடு. அதற்கு அடுத்தது அந்த மௌனம். நேற்று இதை உனக்கு எழுதட்டுமா என்று உன் அப்பாவிடம் கேட்டேன். "எழுது எழுது. அந்த மாடு பாவம், இத்தினி வருசமா பழியச் சொமந்துக்கிட்டு நிக்கிது" என்றார்.

மறுநாள் பொக்லைன் வண்டியோடு போலீஸ் வந்தது. அன்றுதான் இன்ஸ்பெக்டர் அம்மாவை முதலில் பார்த்தேன். புதிதாக வந்திருந்தார்கள். மேட்டைச் சுற்றி ஒருதடவை நடந்தார்கள், குனிந்து ஒரு பொம்மைத் தலையைப் பெயர்த்தெடுத்துப் பார்த்தார்கள். "யாரு போட்டது?" என்று கேட்டார்கள். முந்தின நாள் ஆஸ்பத்திரியில் நின்ற மாதிரி இன்னொரு தடவை நிற்க எனக்கு இஷ்டமில்லை. "நாந்தாங்க போட்டேன். உளுந்தது எங்க வூட்டுக்காரருதாங்க" என்றேன். அதைக் கேட்டதும் கலைச்செல்வி கட்டையை ஊன்றிக்கொண்டு எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்து நின்றார்கள். இன்ஸ்பெக்டர் அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வண்டி வேகம் கொறையணுமா, இல்ல ஆளு உளுவணுமா?" என்று கேட்டார்கள். செவுளில் அறைந்த மாதிரி இருந்தது. பொக்லைன் மேட்டை வாரி எடுத்துக்கொண்டு போனது. கிளம்பும்போது ஜீப்பில் ஏறப்போனவர்கள் இறங்கி வந்து, "மனுவுல வெறுமனே வேகமா போறாங்கன்னு எழுதாதீங்கம்மா. என்னா வேகம், எவ்ளோ தூரத்துல வண்டி தெரியுது, நீங்க கடக்க எவ்ளோ நேரம் ஆவுது, எல்லாத்தையும் எழுதிக்கிட்டு வாங்க. அப்புறம் நான் பேசுறேன்" என்றார்கள். எங்களைப் பிடித்துக் கேஸ் போட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக எங்களுக்கு வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எண்ணுவதை எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம் தம்பி. அச்சில் மண்கரைசலை ஊற்றினால், ஓரத்தில் அது இறுகிப் படிகிறவரை காத்திருந்து மிச்சத்தைக் கவிழ்க்க வேண்டும். முன்னால் கவிழ்த்தால் பொம்மை பொத்தல், பின்னால் கவிழ்த்தால் குண்டாந்தடி. கடிகாரம் பார்த்து யாரும் ஊற்றுவதில்லை. முந்நூறு வரை மனசுக்குள் எண்ணிக்கொண்டே வாயில் மாமியார் கதையும் பேசுவோம், எண்ணிக்கை பிசகாது. அந்த எண்ணிக்கையை அப்படியே ரோட்டுக்குக் கொண்டுபோனோம். வளைவில் வண்டியின் மூக்கு தெரிந்ததும் ஒருத்தி எண்ண ஆரம்பிப்பாள், நாங்கள் கடக்கிற இடத்தை வண்டி தொட்டதும் நிறுத்துவாள். கலைச்செல்வி கட்டையைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு நோட்டில் எழுதுவாள். முக்கால்வாசி வண்டி ஒன்பது எண்ணுவதற்குள் வந்துவிட்டது. தோளில் பலகையோடு ஒருத்தி ரோட்டைக் கடக்கப் பதினான்கு. இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? வண்டியே கண்ணில் படாத நேரத்தில், நீ சொன்ன மாதிரி ரோடு காலியாக இருக்கும்போதுதான் நாங்கள் காலை எடுத்து வைக்கிறோம். நடு ரோட்டுக்கு வந்தபிறகு வளைவில் ஒரு வண்டி முளைத்தால் மிச்சம் நடக்க எங்களுக்கு நேரம் போதாது. அதே வண்டி முப்பதில் வந்தால் வந்து சேரப் பதினெட்டு ஆகும். அதற்குள் நாங்கள் கடந்து, சூளை வாசலில் பலகையை இறக்கிவிடுவோம். இரண்டு வாரக் கணக்கை எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம்.

இன்ஸ்பெக்டர் அம்மா நோட்டை முழுக்கப் படித்தார்கள். படித்துவிட்டு ஜீப்பை எடுக்கச் சொன்னார்கள். ரோட்டுக்காரர்கள் அலுவலகத்திலிருந்து ஒரு இன்ஜினியரையும் வழியில் ஏற்றிக்கொண்டு பேட்டைக்கு வந்தார்கள். வந்தவர்கள் தொப்பியைக் கழற்றிக் கான்ஸ்டபிளிடம் கொடுத்துவிட்டு, "பலகையக் குடுங்கம்மா" என்றார்கள். நாங்கள் பதறிவிட்டோம். பன்னிரண்டு பிள்ளையார் இருந்த பலகையை நானும் இன்னொருத்தியுமாகத் தூக்கி அவர்கள் தோளில் வைத்தோம். கான்ஸ்டபிள் ஒருவர் வளைவில் நின்றார், வண்டி தெரிந்தால் கையைக் காட்டி அங்கேயே நிறுத்திவிட்டு விசில் அடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அம்மா காலை எடுத்து வைத்தார்கள். நாலு அடி போனதும் விசில். நாங்கள் எல்லாரும் சேர்ந்து சத்தமாக எண்ணினோம், ஒண்ணு, ரெண்டு, மூணு என்று. அவர்கள் வேகமாகப் போகப் பார்த்தார்கள். ஒரு பிள்ளையார் விழுந்தார். நிதானித்தார்கள். இன்னொருவர் விழுந்தார். ஒன்பது என்று நாங்கள் கத்தியபோது அந்த அம்மா ரோட்டின் நட்டநடுவில், கழுத்தைத் திருப்ப முடியாமல், நாலு பிள்ளையாரை உடைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். அங்கிருந்தபடியே இன்ஜினியரைப் பார்த்து, "சார், ஒம்போதுல நான் இங்க நிக்கிறேன். வண்டியும் இங்கதான் வருது. எழுதிக்குங்க" என்றார்கள். அவர் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது, அதையெல்லாம் எழுதினால் உனக்குக் கொட்டாவி வரும். ஆனால் வந்தது. முப்பது என்று எழுதிய பலகை வந்தது. ரோட்டுக்குக் குறுக்கே, ஏறினால் தடதடவென்று சொல்லிக்காட்டுகிற வெள்ளைப் பட்டைகள் முறையாக அளந்து போடப்பட்டன. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேகம் பார்க்கிற போலீஸ் வந்தார்கள். பலகை நட்ட அன்று யார் முதலில் கடப்பது என்று எங்களுக்குள் பேச்சே எழவில்லை. கலைச்செல்விதான். கட்டை இல்லாமல், லேசாக விந்தி விந்தி, தோளில் பன்னிரண்டு பொம்மையோடு நடந்தாள். நடு ரோட்டில் இருக்கும்போது வளைவில் வெங்காய லாரி ஒன்று வந்தது. பட்டையில் தடதடத்து, மெதுவாகி, பத்தடி தள்ளி நின்றே விட்டது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "போம்மா, பொறுமையா போ" என்றார். ஒரு பொம்மைக்கு ஒரு கீறல் இல்லை. அத்தை அந்தப் பக்கம் போய்ப் பலகையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றாள் பார், அந்த நிற்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நாங்கள் ஜெயித்துவிட்டோம் தம்பி. பத்தாவது தாண்டாத இருபத்திமூன்று பொம்பளைகள் ஒரு ரோட்டை அடக்கி உட்காரவைத்துவிட்டோம். அன்றைக்குக் கொட்டகையில் கேசரி கிண்டினோம், லாரி டிரைவருக்கும் ஒரு இலையில் கொடுத்தனுப்பினோம்.

முதல் வாரமே மாட்டியது யார் தெரியுமா? எங்கள் முதலாளி. கொட்டகைக்கு வந்து, "ஏம்மா, உங்களுக்குத்தான் அந்த இன்ஸ்பெக்டரு பழக்கமாச்சே, நம்ம வண்டின்னு சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். "நம்ம வண்டியும் ஒம்போதுலதாங்க வருது" என்றேன். தலையைச் சொறிந்தார், போய் அபராதத்தைக் கட்டிவிட்டார். இப்போது அவர் வண்டி பேட்டைக்குள் வருகிற அழகே தனி, தேர் மாதிரி வரும். சம்பளம் கொடுக்கிறவருக்குச் சொன்ன பதிலை, பால் கொடுத்து வளர்த்தவனுக்கு மட்டும் மாற்றிச் சொன்னால் அந்தப் பலகையை நாங்களே பிடுங்கிப் போட்ட மாதிரி ஆகிவிடும். ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்த அன்றே அது வெறும் தகரம். அப்புறம் கலைச்செல்வி எந்த நம்பிக்கையில் காலை எடுத்து வைப்பாள்?

சரி, இப்போது நீ போனில் அனுப்பிய அந்த அபராதப் படத்துக்கு வருகிறேன். உன் வண்டி நம்பர் தெரிகிறதா என்று மட்டும் நீ பார்த்திருப்பாய். நான் இன்று காலை அதை விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டிக்கு இடது பக்கம், ரோட்டோரத்தில் ஒரு பொம்பளை தோளில் பலகையோடு நிற்கிறாள். ஒரு கால் தாரில் இருக்கிறது, இன்னொரு கால் மண்ணில். முகம் பலகையில் மறைந்திருக்கிறது. ஊதாப் புடவை, மேலே உன் அப்பாவின் பழைய சட்டை. தம்பி, அது நான். அன்று வெள்ளிக்கிழமை. வளைவில் வண்டி இல்லை என்று பார்த்துத்தான் காலை எடுத்து வைத்தேன். பட்டையில் தடதடவென்று சத்தம் கேட்டது, அது குறைகிற சத்தமாக இல்லை, அதனால் வைத்த காலை அப்படியே நிறுத்தினேன். பலகையிலிருந்து இரண்டு பொம்மை விழுந்தது. வெள்ளையாக ஏதோ ஒன்று என்னைத் தாண்டிப் போனது. எனக்கு வந்த கோபத்தில், "இவனப் பெத்தவளச் சொல்லணும்" என்று வாய்விட்டுத் திட்டினேன். பின்னால் நின்ற கலைச்செல்வியும், "நல்லா சொல்லுக்கா" என்றாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலில் புது வண்டி. சொல்லாமல் கொள்ளாமல் வந்து எங்களுக்கு ஆச்சரியம் காட்ட நினைத்திருக்கிறாய். நான் பூரித்துப்போய் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தேன், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன், கண்ணேறு கழித்தேன். ஊரில் எத்தனையோ வெள்ளை வண்டி, எனக்கு எப்படித் தெரியும்?

இதைப் படித்துவிட்டு நீ அழுவாய் என்று எனக்குத் தெரியும். அழாதே, அதற்காக எழுதவில்லை. நான் முழுசாக இருக்கிறேன், அன்றைக்கு அதற்குப் பிறகு எட்டுப் பலகை சுமந்தேன். என்னைக் காப்பாற்றியது அந்தத் தடதடக்கிற பட்டை, அது நாங்கள் கேட்டு வாங்கியது. உன்னைப் பிடித்தது அந்தக் கருவி, அதுவும் நாங்கள் கேட்டு வாங்கியது. நீ யார் பிள்ளை, நான் யார் பெண்டாட்டி என்று அது விசாரிக்கவில்லை. இதைவிடப் பெரிய வெற்றி எனக்கு என்ன வேண்டும்? பட்டறையில் இந்தப் படத்தைக் காட்டினேன். போன் ஒவ்வொருத்தி கையாகச் சுற்றி வந்தது. அப்புறம் கலைச்செல்விதான் ஆரம்பித்தாள். "பெத்தவளச் சொல்லணும்னியே, சொல்லு, பெத்தவ இந்தா இங்கதான் நிக்கிறா" என்று. சிரித்துச் சிரித்து எங்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதில் கொஞ்சம் நிஜ அழுகையும் இருந்தது.

உனக்குப் புத்தி சொல்வதென்றால் ஒன்றே ஒன்றுதான். திருச்சியிலிருந்து வேப்பூர் வரை நாலு வழிச் சாலையில் நூறில் வந்த காலுக்கு, ஊருக்குள் அறுபது என்பது நிற்கிற மாதிரி இருக்கும். அந்தக் காலை நம்பாதே, வேகம் காட்டுகிற முள்ளைப் பார். பேட்டை ஆரம்பிக்கிற இடத்திலிருந்து முடிகிற இடம் ஒரு கிலோமீட்டர். அறுபதில் போனால் ஒரு நிமிஷம், முப்பதில் போனால் இரண்டு. நீ எங்களிடம் மிச்சம் பிடிப்பது அந்த ஒரே நிமிஷம்தான். நம்ம ஊர் என்று இல்லை, கம்மாபுரமோ வேறெந்த ஊரோ, பேர் தெரியாத கடைத்தெருவோ, வீடுகள் நெருக்கமாகத் தெரிந்தாலே காலைத் தூக்கிவிடு. ரோடு காலியாக இருக்கிறது என்றால் யாரோ கடக்கக் காத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள். அபராதத்தை உன் கையாலேயே கட்டு. கட்டிவிட்டு ரசீதை எனக்கு அனுப்பு, கொட்டகைச் சுவரில் முதலாளி ரசீதுக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கிறேன்.

இன்னொரு விஷயம். உன் கல்யாணத்துக்கு எங்கள் கொட்டகையிலிருந்து எல்லாராலும் திருச்சிக்கு வர முடியாது. கொலுவுக்கான சரக்கு நேரம், சூளையை அந்த வாரம் அணைக்க முடியாது. உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பொம்மை வார்த்தவர்களுக்கு உன் பொண்டாட்டியைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று எல்லாருக்கும் மனசு கேட்கவில்லை. அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறோம். கல்யாணம் முடிந்து நீ அவளை அழைத்துக்கொண்டு வருகிற அன்று, இருபத்திமூன்று பேரும் வேலையை அரைமணி நேரம் நிறுத்திவிட்டு ரோட்டின் இரண்டு பக்கமும் வந்து நிற்கப்போகிறோம். நான் முந்தின நாளே பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்துவிடுவேன். ரோட்டோரத்தில் இவர்களோடு நின்று உங்களைப் பார்த்துவிட்டு, உன் அப்பா டூவீலரில் ஏறிக் குறுக்குச் சந்தில் புகுந்து, நீ வருவதற்குள் ஆரத்தித் தட்டோடு வாசலில் நிற்பேன். நீ எங்களுக்காக வண்டியை நிறுத்தக்கூட வேண்டாம். நீ அறுபதில் போன அன்று உன்னைப் பெற்ற எனக்கே உன் முகம் தெரியவில்லை, உனக்கும் என் முகம் தெரியவில்லை. முப்பதில் வா, தம்பி. என் மருமகள் முகத்தை நாங்கள் எல்லாரும் கண் நிறையப் பார்த்துவிடுவோம். அவளும் எங்கள் ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்துவிடுவாள்.

உன் அம்மா